அப்பா கத்தியதும் நான் எறிந்ததும்

என் மகனுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினாறு வயதுதான் ஆகிறது, ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறேன். நீ வளர்ந்து, சொந்தமாக ஒரு கதவுச் சாவி வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டை விட்டுப் புறப்படும் நாளில் உன் கையில் இதைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன். நீ மகளாகவும் இருக்கலாம். ஆனால் மகள் என்று நினைத்தவுடன் அவள் என்னைப் போலவே இருப்பாள் என்று தோன்றுகிறது. என்னைப் போன்ற ஒருத்தியிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கம். அதனால் மகன் என்றே வைத்துக்கொள்கிறேன். தமிழ்ப் பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அப்பாவுக்குக் காலையில் வேலை, உறங்கிவிட்டார். அம்மா முதியோர் இல்லத்தில் இரவுவேலைக்குப் போயிருக்கிறா. இன்று வியாழன். சனிக்கிழமைக்கு முன் அப்பாவிடம் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஐடா என்ற என் தோழி, தான் செய்யாத பிழைகளுக்காக, அவள் மிகவும் ஆசைப்படுகிற ஒன்றை இழப்பாள். சொன்னால் அப்பா எதை இழப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் பயம். வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்லலாம். நீ இப்போதைக்கு யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டாய்.

நான் விளையாடுவது ஃபிளாக் புட்போல். அமெரிக்கர்கள் தலைக்கவசம் போட்டு முட்டி மோதுகிறார்களே, அந்த விளையாட்டின் சாதுவான தங்கை. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், முட்டை வடிவப் பந்து. யாரையும் தள்ளக் கூடாது, விழுத்தக் கூடாது. எல்லாருடைய இடுப்பிலும் இரண்டு நாடாக்கள் தொங்கும். பந்து வைத்திருப்பவளின் நாடாவை எதிரணிக்காரி பிடுங்கினால் அந்த ஓட்டம் அத்துடன் முடிந்தது. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன்னால் நாங்கள் ஐவரும் தலைகளை ஒட்டி வட்டமாக நிற்போம். யார் எந்தப் பக்கம் ஓடுவது என்று அந்தச் சில நொடிகளில் சொல்லியாக வேண்டும். எல்லாருடைய மணிக்கட்டிலும் ஒரு பட்டி இருக்கும், அதில் சின்னச் சின்னப் படங்கள், ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண். எண்ணைச் சொன்னால் போதும், அவரவர் தங்கள் கோட்டைப் பார்த்து ஓடுவார்கள். எண்ணைச் சொல்கிறவளும் பிறகு பந்தை எறிகிறவளும் ஒருத்திதான். அவளைக் குவாட்டர்பேக் என்பார்கள். எங்கள் அணியில் அது நான்.

பயிற்சியாளர் உன் தாத்தா. அவர் அந்த வேலையைத் தேடிப் போனவர் அல்ல. நாங்கள் இருக்கும் சில்க்போர்க் என்ற டெனிஷ் ஊரில் பிள்ளைகளின் கழகங்களைப் பெற்றோர்தான் நடத்துகிறார்கள். ஒருவர் கேக் செய்துவருவார், ஒருவர் சட்டைகளைத் துவைப்பார், ஒருவர் கார் ஓட்டுவார். எங்களிடம் ஏழு பேர் ஏறக்கூடிய வாகனம் இருந்ததால் அப்பா ஓட்டுநர் ஆனார். இரண்டு வருடங்களுக்கு முன் பயிற்சியாளர் வேறு ஊருக்கு மாறிப் போனபோது பெற்றோர் கூட்டம் நடந்தது. இனி யார் பயிற்சி கொடுப்பது என்று கேட்டார்கள். எல்லாரும் தங்கள் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அப்பாவால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை, "ஓகே" என்றுவிட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "எல்லாரும் சும்மா இருந்தவை, எனக்கு ஒரு மாதிரிப் போச்சு" என்றார். அன்றிலிருந்து யன்னல் செய்யும் தொழிற்சாலையில் இடைவேளை நேரங்களில் காட்போட் மட்டைகளில் அம்புக்குறிகள் வரைந்துகொண்டு வருவார். எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டி முழுவதும் அம்புக்குறிகள்.

அப்பா இங்கே வந்தது பதினெட்டு வயதில். டெனிஷ் நன்றாகப் பேசுவார், ஆனால் பதற்றம் வந்தால் தமிழ்தான் வரும். முதல் போட்டியிலேயே கோட்டுக்கு வெளியில் நின்று "வலப்பக்கம் பிள்ளை, வலப்பக்கம், கிட்டக் குடு!" என்று கத்தினார். எதிரணி திருதிருவென்று விழித்தது. எங்கள் அணியும் விழித்தது. எனக்கு மட்டும் விளங்கியது. நான் அதை எண்ணாக்கிச் சொன்னேன், நாங்கள் ஓடினோம், புள்ளி எடுத்தோம். அதன்பின் அதுவே எங்கள் முறையாகிவிட்டது. மற்ற அணிகளின் பயிற்சியாளர்கள் கையால் சைகை காட்டுவார்கள், வாயை மூடிக்கொண்டு பேசுவார்கள். அப்பா மைதானம் முழுவதும் கேட்கக் கத்துவார். இரகசியத்தை இவ்வளவு சத்தமாகச் சொல்லும் ஒரே பயிற்சியாளர் என்று ஊரில் இலவசமாகப் போடும் பத்திரிகையில் படத்தோடு எழுதினார்கள்.

நாங்கள் வெல்லத் தொடங்கியதும் ஒரு கேள்வியும் தொடங்கியது. மைதான ஓரத்துக் கேக் மேசையில் பெற்றோர் அதைப் பற்றி விளையாட்டாகச் சண்டை பிடிப்பார்கள். எங்கள் அணியில் ஓடும் ஐடாவின் அப்பா, "நல்ல குவாட்டர்பேக் கிடைத்தால் என் நாய்கூடப் பயிற்சியாளர் ஆகலாம்" என்பார். அணியில் இன்னொருத்தியான சிக்னேயின் அம்மா, "உங்கள் நாயைப் பெற்றோர் கூட்டத்துக்கு அனுப்புங்கள், அடுத்த முறை அதையே தெரிவு செய்கிறோம்" என்பார். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். வீட்டில் அம்மா விடமாட்டா. "உங்களுக்கு, வெண்டா உங்கட மூளை, தோத்தாப் பிள்ளையின்ர கை" என்பா. அப்பா, "கை இருந்தாப் போதுமே? கைக்கு ஆர் சொல்லுறது?" என்பார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு, உண்மையில் யாரால்தான் வெல்கிறோம் என்று யோசிப்பேன். எனக்கு அது பகிடியாக இருக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் ஒரு போட்டியில் அப்பா சொன்னதை நான் அவருக்குத் தெரியவே மாற்றினேன். எதிரணிக்காரி ஒருத்தி தவறான இடத்தில் நிற்பதுபோல் எனக்குத் தெரிந்தது. எறிந்தேன், பந்து அவள் கைக்கே போய்ச் சேர்ந்தது, தோற்றோம். திரும்பி வரும்போது பின்னால் பிள்ளைகள் எல்லாரும் காதில் பாட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் முன்னால் அப்பாவின் பக்கத்தில் இருந்தேன். அவர் வீதியைப் பார்த்தபடியே சொன்னார்: "பிள்ளை, யோசிக்கிறது என்ர வேலை. எறியிறது உன்ர வேலை. ரெண்டையும் நீ செய்தா நான் ஏன் அங்க நிக்கிறன்?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் "ஓம்" என்றேன்.

ஓம் என்றேனே தவிர, கண் யோசிப்பதை நிறுத்தவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு போட்டியில் அப்பா வலப்பக்கம் சிக்னேக்குக் கிட்டக் கொடுக்கச் சொல்லிக் கத்தினார். இடப்பக்கத்தில் ஐடாவை மறிக்க வேண்டிய எதிரணிப் பெண் குதிகாலில் சாய்ந்து நின்றாள். அப்படி நிற்பவளால் உடனே பின்னால் ஓட முடியாது. வட்டத்துக்குள் நான் ஒன்பது என்றேன். ஒன்பதிலும் மற்றவர்கள் அப்பா சொன்ன மாதிரியே ஓடுவார்கள், ஐடா மட்டும் இடப்பக்கம் தூர ஓட வேண்டும். ஓடினாள், எறிந்தேன், பிடித்தாள், புள்ளி. கோட்டுக்கு வெளியே வந்தபோது அப்பா கேட்டார்: "நான் வலப்பக்கம் எண்டெல்லோ சொன்னனான்? ஐடா ஏன் அங்கால ஓடினவள்?" அந்த நொடியில் எனக்குக் காருக்குள் அவர் சொன்னது ஞாபகம் வந்தது. "மாறி ஓடிட்டாள் அப்பா. தனிய நிண்டாள், எறிஞ்சிட்டன்" என்றேன். அவர் என் தலையில் தட்டினார். "கெட்டிக்காரி. அவளின்ர பிழையையும் சமாளிச்சிட்டாய்." பிறகு ஐடாவிடம் திரும்பி, மணிக்கட்டைச் சுட்டிக்காட்டி, படத்தைச் சரியாகப் பார்க்கும்படி டெனிஷில் சொன்னார். ஐடா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

மகனே, அந்தப் பொய் எவ்வளவு வசதியானது என்று பார். அப்பா சொன்னது ஐடாவுக்கு விளங்காது. வட்டத்துக்குள் நான் சொன்னது அப்பாவுக்குக் கேட்காது. இரண்டுக்கும் நடுவில் நான் மட்டும் நின்றேன். சரியாக வந்தால் நான் சமாளித்தவள், பிழையாகப் போனால் ஐடா மாறி ஓடியவள். எனக்கு எந்தப் பக்கத்திலும் நட்டமில்லை. ஒரு தடவையோடு நிறுத்துவேன் என்று நினைத்தேன். பதினான்கு தடவை ஆயிற்று. எப்போதும் ஐடா. ஏனென்றால் நான் மாற்றும்போதெல்லாம் அவளுக்குத்தான் எறிந்தேன். ஓகஸ்ட்டில் அப்பா அவளைப் பாதி நேரம் வெளியில் இருத்தத் தொடங்கினார். "ஓட்டம் நல்லம், ஆனால் சொல்வழி கேக்காத பிள்ளை" என்று அம்மாவிடம் சொன்னார். நான் பக்கத்து அறையில் காலணி கழற்றிக்கொண்டு அதைக் கேட்டேன். கழற்றி முடித்த பிறகும் எழும்பாமல் இருந்தேன்.

இதைக் கண்டுபிடித்தது ஒரே ஒருத்தி. ஒடென்சேயில் நடந்த போட்டியில் எதிரணியில் ஒரு புதிய பெண் நின்றாள். என்னைப்போல் கறுப்பு முடி, கண்ணாடி. நான் அதிகம் யோசிக்கவில்லை. அப்பா வழக்கம்போல் கத்தினார். முதல் இரண்டு தடவை அப்பா சொன்னபடியே செய்தேன். இரண்டு தடவையும் அவர்கள் நாங்கள் ஓடும் இடத்தில் எங்களுக்கு முன்னாலேயே நின்றார்கள். மூன்றாம் தடவை மாற்றினேன், புள்ளி. நான்காம் தடவையும் மாற்றினேன், புள்ளி. போட்டி முடிந்து தண்ணீர் குடிக்கும்போது அந்தப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஹேய், ஒரு நிமிஷம்! எங்க டீமே என்னை இப்போ திட்டிக்கிட்டு இருக்கு. உங்க அப்பா ரைட் சைடுன்னு கத்தறாரு, நான் எல்லாரையும் ரைட் சைடு அனுப்பறேன், நீ லெஃப்ட்ல தூக்கிப் போடறே! என்ன, எனக்குத் தமிழ் மறந்துபோச்சா?"

அவள் பெயர் வர்ஷா. தமிழ்நாட்டிலிருந்து அப்பாவின் வேலைக்காக வந்து ஒரு வருடம்தான் ஆகிறதாம். "கொஞ்சம் மெதுவாக் கதையும்" என்றேன். அவள் என் பின்னால் பார்த்தாள். அங்கே அப்பா ஐடாவிடம் மறுபடியும் மணிக்கட்டைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணை ஏன் திட்டறாரு?" என்றாள் வர்ஷா. நான் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகினேன். அவளுக்கே விளங்கிவிட்டது. சிரிப்பு போய்விட்டது. "ஐயோ. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நீ சொல்லிடு, ப்ளீஸ்." பிறகு போய்விட்டாள். காரில் அப்பா, "அங்கால ஒரு தமிழ்ப் பிள்ளை நிண்டது உனக்குத் தெரியுமே? தெரிஞ்சிருந்தா நான் டெனிஷில கத்தியிருப்பன். ஐடா பிழையா ஓடினபடியால் தப்பினம்" என்று பெரிதாகச் சிரித்தார். பின் இருக்கையில் ஐடா யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தாள்.

அதன்பின்தான் வேறொரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். குற்ற உணர்ச்சியால் மட்டும் அல்ல. எனக்கு விடை தெரிய வேண்டியிருந்தது. நினைவில் இருந்த ஒவ்வோர் ஓட்டத்தையும் எழுதினேன்: அப்பா கத்தியது என்ன, நான் சொன்ன எண் என்ன, பந்து எங்கே போனது. நான் கெட்டிக்காரி, அப்பா என் கையை நம்பியே இருக்கிறார் என்று அது காட்டும் என்று நினைத்தேன். காட்டவில்லை. அப்பா சொன்னபடி செய்தவற்றில் பாதிக்கு மேல் சரியாக வந்திருந்தன, நான் நினைத்ததைவிட எவ்வளவோ அதிகம். நான் மாற்றியவற்றிலும் ஏறக்குறைய அதே அளவுதான். அதோடு இன்னொன்றும் விளங்கியது. குதிகாலில் சாய்ந்து நிற்பவளைத் தேடிப் பார்க்கச் சொல்லித் தந்ததே அப்பாதான். வாகனத் தரிப்பிடத்தில் என்னை நிறுத்தி, தானே முன்னும் பின்னும் சாய்ந்து காட்டி, "முகத்தைப் பாக்காத, காலைப் பார்" என்று சொன்னவர் அவர். அவர் சொல்லைத் தள்ளிவிட நான் பாவித்த கண்ணும் அவர் பழக்கிய கண்தான். அப்படியானால் அது யாருடைய யோசனை?

இன்னும் இரண்டு நாட்களை எழுதினேன். ஜூனில் நான் சைக்கிளில் இருந்து விழுந்து கை வீங்கியிருந்தபோது சிக்னே எனக்குப் பதிலாக எறிந்தாள். அப்பா டெனிஷில் திணறித் திணறிக் கத்தினார். வென்றார்கள். நான் கைக்கட்டோடு கோட்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து கைதட்டினேன். அப்படியென்றால் குவாட்டர்பேக் இல்லாமலும் பயிற்சியாளர் வெல்லலாம். மே மாதத்தில் ஒரு நாள் ஐடா தன் மாமா மகளின் கொன்ஃபிர்மேஷன் என்ற தேவாலயச் சடங்கு விருந்துக்குப் போய்விட்டாள். அன்று நானும் இருந்தேன், அப்பாவும் இருந்தார். இரண்டு போட்டிகளிலும் தோற்றோம். மழை என்று அன்று சொல்லிக்கொண்டோம். கொப்பியில் எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மற்றவர்களுக்கும் அதே மழைதான். சிக்னே எறிந்த அன்றும் பந்தைப் பிடித்தவள் ஐடா. நான் மாற்றிய பதினான்கிலும் ஓடியவள் ஐடா. கேக் மேசையில் எல்லாரும் பயிற்சியாளரா, குவாட்டர்பேக்கா என்று கேட்டார்கள். நானும் அதையேதான் கேட்டேன். எறிகிறவளையும் கத்துகிறவரையும் பார்த்துக்கொண்டிருந்தால், ஓடுகிறவள் கண்ணில் படமாட்டாள்.

இனிச் சனிக்கிழமையைப் பற்றி. பக்கத்து நகரமான ஆர்ஹுஸில் உள்ள ஒரு பெரிய கழகம் தங்கள் பெண்பிள்ளைகள் அணிக்கு அப்பாவைப் பயிற்சியாளராகக் கேட்டிருக்கிறது. இரண்டு பிள்ளைகளை இங்கிருந்து கூட்டிவரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அப்பா என்னையும் சிக்னேயையும் நினைத்திருக்கிறார். சனிக்கிழமை, குளிர்காலத்துக்கு முந்தின கடைசிப் பயிற்சியில், எல்லாருக்கும் சொல்லப் போகிறார். ஐடாவின் அம்மாவும் அப்பாவும் பிரிந்தவர்கள். அம்மா இப்போது ஆர்ஹுஸில் இருக்கிறா. அந்தக் கழகத்தில் சேர்ந்தால் கிழமையில் மூன்று நாள் அம்மாவிடம் நிற்கலாம் என்று ஐடா கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். என்னிடம்தான் சொன்னாள். "உன் அப்பா என்னை எடுப்பாரா என்று கேட்டுப் பார்" என்றாள். நான் கேட்கிறேன் என்று சொன்னேன். கேட்கவில்லை.

நாளைக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் அப்பா அந்தக் கழகத்துக்கே போகமாட்டாரோ என்று பயமாக இருக்கிறது. பத்திரிகையில் வந்த அந்தப் படத்தை அவர் தொழிற்சாலை அலுமாரிக்குள் ஒட்டி வைத்திருக்கிறார். அதை நினைத்தால் பேனா ஓடவில்லை.

*

ஒன்பது நாட்களுக்குப் பிறகு மறுபடியும் எழுதுகிறேன், மகனே. சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அப்பா வேலையால் வந்து சமைத்துக்கொண்டிருந்தார். அம்மா அன்று இரவுவேலைக்காக அறைக்குள் படுத்திருந்தா. அதனால் எங்கள் வீட்டில் பகலில் எல்லாரும் கிசுகிசுத்துத்தான் பேசுவோம். நான் குளிர்ப்பெட்டியின் மேல் இருந்த அம்புக்குறிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

"அப்பா, ஐடா மாறி ஓடினவள் இல்லை."

"எப்ப?"

"ஒரு நாளும் இல்லை."

அவர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "விளங்கேல்லை, பிள்ளை."

"நான்தான் வேற நம்பர் குடுத்தனான். நீங்கள் கத்தினதை நான் அவையளுக்குச் சொல்லேல்லை. அவள் நான் சொன்ன மாதிரித்தான் ஓடினவள்."

கத்தி நின்றது. "எத்தினை தரம்?"

"பதினாலு." கொப்பியை நீட்டினேன். கையைத் துடைத்துவிட்டு நின்றபடியே வாசித்தார். பக்கம் புரட்டினார். ஒரு இடத்தில் விரலை வைத்தார். "இதில நான் கிட்ட எண்டு சொல்லியிருக்கிறன். நீ ஏன் தூர எறிஞ்சனீ?"

"அவள் குதிக்கால்ல நிண்டவள்."

"குதிக்காலைப் பாக்கச் சொல்லித் தந்தது ஆர்?"

"நீங்கள்."

"அப்ப அதை எனக்குச் சொல்லியிருக்கலாம் எல்லோ!" குரல் உயர்ந்துவிட்டது. அறைக்குள் இருந்து அம்மா, "ஆர் அங்க சண்டை பிடிக்கிறது?" என்றா. "ஒண்டுமில்லை, நீர் படுத்திரும்" என்றார் அப்பா. மைதானத்தின் மறுகரைக்குக் கேட்கக் கத்துகிற மனிதர், அதன்பின் காற்றாகவே பேசினார். அது கத்துவதைவிடப் பயமாக இருந்தது.

"நீங்கள்தான் சொன்னீங்கள், யோசிக்கிறது உங்கட வேலை எண்டு."

"அது தோத்த கடுப்பில சொன்ன கதை."

"எனக்கு அப்பிடி விளங்கேல்லை, அப்பா. நீங்கள் சொன்னா நான் மெய்யாத்தான் எடுப்பன்."

அவர் கதிரையில் இருந்தார். கொப்பியின் பக்கங்களை மீண்டும் எண்ணினார். என்மேல் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. "இந்தப் பதினாலு தரமும் நான் அந்தப் பிள்ளையை எல்லாருக்கும் முன்னால ஏசினனான், என்ன?" நான் தலையாட்டினேன். "அப்ப எல்லாருக்கும் முன்னாலதான் சொல்லோணும். நீயும் சொல்லோணும், நானும் சொல்லோணும்." பிறகு எழுந்து வெங்காயத்தை வெட்டி முடித்தார். சாப்பிடும்போது அம்மாவுக்குச் சொன்னோம். அம்மா எனக்குச் சோறு போட்டா. அப்பாவுக்கும் போட்டா.

சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் எல்லாரையும் வட்டமாக நிற்கச் சொன்னார் அப்பா. பெற்றோரும் கேக் மேசையில் இருந்து வந்தார்கள். முதலில் அவர் பேசினார், டெனிஷில், மெதுவாக, சொற்களைத் தேடித் தேடி. தான் கேட்டு விசாரிக்காமல் ஐடாவைப் பிழை சொன்னதாகவும், பயிற்சியாளர் அப்படிச் செய்யக் கூடாது என்றும் சொன்னார். பிறகு நான் சொன்னேன். என் குரல் ஒருவருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது, சிக்னே "சத்தமாக" என்றாள். மறுபடியும் முதலில் இருந்து சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கடினம், மகனே.

ஐடா தன் மணிக்கட்டுப் பட்டியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். "நான் ஒவ்வொரு தடவையும் படத்தைப் பார்த்தேன்" என்றாள். "வீட்டுக்குப் போயும் பார்த்தேன். எனக்கு வலம் இடம் மாறிப்போகிறதோ என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் என்னைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போனார். கண்ணில் ஒன்றும் இல்லை என்றார்கள். பிறகு அப்பா, அப்படியானால் நீ கவனிப்பதில்லை என்றார்." நாயைப் பற்றிப் பகிடி விடும் அந்த மனிதர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். ஐடா, "ம்" என்றாள். அவ்வளவுதான். என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. ஒரு துண்டுக் கேக்கை எடுத்துக்கொண்டு சிக்னேயோடு போய் நின்றாள். இன்றுவரை என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள். நான் குறை சொல்லவில்லை. அவள் கண் பரிசோதனைக்குப் போன நாளில் நான் எங்கே இருந்தேன், என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.

திரும்பி வரும்போது காரில் நாங்கள் இருவர் மட்டும். ஏரிப் பக்கமாக வந்தோம். அப்பா அந்தப் பெரிய கழகத்துக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம், காலையிலேயே. அவர்கள் சிரித்தார்களாம். பயிற்சியாளர் சொன்னதை மாற்றாத குவாட்டர்பேக்கை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை, வாருங்கள் என்றார்களாம். எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவர், "ரெண்டு பேர். சிக்னேயும் ஐடாவும்" என்றார்.

"நான்?"

"நீ இங்க நில்."

"இது தண்டனையோ அப்பா?"

ஒரு சுற்றுவட்டத்தைச் சுற்றி முடித்த பிறகுதான் சொன்னார். "கொஞ்சம் தண்டனைதான். பொய் சொல்ல மாட்டன். ஆனா அது மட்டும் இல்லை. அங்க எறிய ஆள் இருக்கு. எனக்கு ஓடுற ஆள் வேணும், உன்ர கொப்பியிலயும் அதைத்தானே எழுதியிருக்கிறாய்? மற்றது, நீ இல்லாம எனக்கு ஏலுமோ எண்டு எனக்கும் தெரியாது. கேக் மேசையில எல்லாரும் கேக்கேக்க நான் சிரிக்கிறனான். உள்ளுக்குள்ள எனக்கும் அந்தக் கேள்விதான். நான் இல்லாம உனக்கு ஏலுமோ எண்டு நீயும் பாக்க வேண்டாமோ?"

நான் அழுதேன். வீட்டு வாசல் வரை அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே ஒன்றைக் கவனித்தேன்: எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. அவர் டெனிஷில் திணறிக்கொண்டு, என் கை இல்லாமல், அங்கே என்ன செய்வார்? அவர் இல்லாத இடத்தில் நான் பார்க்கும் குதிகால்கள் சரியாக இருக்குமா? இதை யோசித்தபோது அழுகை தன்பாட்டில் நின்றுவிட்டது.

நீ பெரியவனாகி இதை வாசிக்கும்போது நான் ஒரு தாயாக இருப்பேன். தாய்மார் என்ன சொல்வார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும், என் அம்மாவும் அப்பாவும் சொல்வதைத்தான் நானும் சொல்வேன். கோட்டுக்கு வெளியில் நின்று உனக்குக் கத்துவேன். நீ நிற்கும் இடத்திலிருந்து வேறு ஏதாவது தெரிந்தால், மாற்று. ஆனால் மாற்றினேன் என்று என்னிடம் சொல்லிவிடு. நான் கோபப்பட்டாலும் சொல். நான் தோற்ற கடுப்பில் ஏதாவது சொன்னால், அம்மா இது கடுப்பில் சொன்னதா, மெய்யாகச் சொன்னதா என்று கேள். அதைக் கேட்க எனக்கு அரை வருடம் ஆயிற்று. நீ நன்றாகச் செய்தாய் என்று யாராவது தலையில் தட்டினால், அந்த நேரத்தில் யார் ஓடிக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார். இதற்கு மேல் புத்தி சொல்ல எனக்கு வயது போதாது.

விடை இன்னும் தெரியாது. பயிற்சியாளரா, குவாட்டர்பேக்கா, ஓடுகிறவளா என்று உனக்கு ஒரு வேளை தெரிந்திருக்கும், தாத்தாவிடமே கேட்டிருப்பாய். அடுத்த சனிக்கிழமை மண்டபத்துக்குள் குளிர்காலப் போட்டி. எங்களுக்குப் புதிய பயிற்சியாளர் கிடைத்திருக்கிறார், மகள் எதிர்ப்பக்கம் போனாலும் ஒத்துக்கொண்ட சிக்னேயின் அம்மா. எதிரில் நிற்பது அப்பாவின் புதிய அணி, அதில் என் பக்கமாக ஓடிவரப் போகிறவள் ஐடா. என் பக்கத்தில் கத்துவதும் அப்பாவின் பக்கத்தில் கத்துவதும் டெனிஷில்தான் இருக்கும், எல்லாருக்கும் விளங்கும். எனக்குப் பயமாக இருக்கிறது. எப்போது சனிக்கிழமை வரும் என்றும் இருக்கிறது.

இப்படிக்கு,
உன்னை இன்னும் சந்திக்காத
அம்மா